யாரும் தேடாத ஆள்

“செத்து மூணு நாளாகியும் யாரும் தேடாத ஒரு ஆளு வேணும். தோட்டத்துல அப்படி யாரு இருக்கா?”

சவரிமுத்து அண்ணன் இப்படிக் கேட்டுவிட்டு, பதிலுக்காக என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஹட்டனில் அன்று விடாத மழை. அவருடைய போட்டோ ஸ்டூடியோத் தகரத்தில் அது விழுந்த சத்தத்தில் அவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“நம்ம மாஸ்டர் இருக்காருல்ல?”

சொன்னது ஆரோக்கியம் அக்கா, சவரிமுத்து அண்ணனின் தங்கை. தலையை நிமிர்த்தவே இல்லை. கையில் கூர் சீவிய பென்சில். முன்னால் சாய்வான கண்ணாடியில் யாரோ ஒரு பெண்ணின் நெகட்டிவ். அந்தப் பெண்ணின் கன்னத்து அம்மைத் தழும்புகளை ஒவ்வொன்றாகப் பென்சிலால் தொட்டு அழித்துக்கொண்டே என்னையும் அழித்துவிட்டார்.

அண்ணன் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். “அட, ஆமா. மாஸ்டர், நீங்கதான்.”

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. பென்சிலை வைத்துவிட்டு, “தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டர். கதைக்குத்தான் சொன்னேன்” என்றார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை எங்கிருந்து கொண்டுவந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. அக்கா போட்டுத் தந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

பயந்த முகங்களின் கடை

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சவரிமுத்து அண்ணன் எடுக்க நினைத்த திகில் படத்துக்கும் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரான எனக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், வட்டகொடைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்கு வேலை. ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வட்டகொடை ஸ்டேஷனில் ரயிலேறி ஹட்டனுக்கு வந்துவிடுவேன். சிங்கமலைக் குகையை ரயில் தாண்டி வெளிச்சத்துக்கு வந்ததும்தான் எனக்கு மூச்சே சீராகும்.

முதல் தடவை ஸ்டூடியோவுக்குப் போனது படம் பிடிக்கத்தான். பிரசாவுரிமைக்கு, அதாவது இந்த நாட்டுக் குடியுரிமைக்கு, மனுப்போடப் படம் வேண்டும். அந்தக் காலத்தில், இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்பதால், எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அந்தப் படம் வேண்டியிருந்தது. கடைக்குள் ஒரு கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கும். லயத்திலிருந்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, வருகிற ஆண்கள் எல்லாரும் முறை வைத்து அதைப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். மெலிந்தவருக்கும் அதே கோட்டு, தடித்தவருக்கும் அதே கோட்டு. நானும் போட்டேன். உள்ளே யார் யாருடைய வியர்வையோ ஈரமாக இருந்தது.

“சிரிங்க மாஸ்டர்” என்றார் சவரிமுத்து அண்ணன்.

“இதுக்கு என்னாத்துக்கு அண்ணே சிரிக்கணும்?”

அவருக்கு அது பிடித்துவிட்டது. அடுத்த ஞாயிறு படத்தை வாங்கப் போனேன். அதற்கடுத்த ஞாயிறு சும்மா போனேன். அதன் பிறகு போகாத ஞாயிறு இல்லை.

அவரிடம் ஒரு சினிமாக் கேமரா இருந்தது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை விற்றுவிட்டுப் போனது. சாவி கொடுத்தால் ஓடும். அதற்கான பிலிம் இந்த ஊரில் கிடைக்காது. ஆனாலும் அதை ஃபிளானல் துணியில் சுற்றிக் கண்ணாடி அலுமாரியில் வைத்திருப்பார். பேச்சு சூடு பிடித்தால் வெளியே எடுத்து, வெறும் கேமராவுக்குச் சாவி கொடுத்துக் கண்ணில் வைத்துக்கொள்வார். கிர்ரென்று ஓடும். நாங்கள் மூன்று பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

“ஏன் அண்ணே திகில் படம்? சாமி படம் எடுத்தா ஆளு வருவாங்களே” என்று ஒருமுறை கேட்டேன்.

“மாஸ்டர், நான் நாள் பூரா பயந்த மூஞ்சியா பாக்கிறேன். கோட்டப் போட்டுக்கிட்டு, இந்தப் படத்த ஏத்துக்குவாங்களா, நாம இங்க இருக்கலாமா, இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்திருவாங்களான்னு முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. எனக்குத் திகில் தெரிஞ்ச அளவுக்கு மெட்ராசுல எவனுக்குத் தெரியும்?”

நான் ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்தேன்.

ஒன்றும் உருப்படாத கொலைகள்

படத்தின் முதல் பத்து நிமிடத்தை மட்டும் முதலில் சரி பண்ணிவிட வேண்டும் என்பது அண்ணனின் கட்சி. “மொதக் காட்சியிலயே படம் பூரா என்னா சொல்லப் போறமோ அது உக்காந்திருக்கணும். அது சரியா வந்துருச்சுன்னா மிச்சம் தானா வந்துரும்.”

அவர் முதலில் கொண்டுவந்தது ஒரு மூடுபனி. வட்டகொடை ஸ்டேஷன். கறுப்புத் தொப்பி போட்ட ஒருவன் ரயிலிலிருந்து இறங்குகிறான். முகம் தெரியவில்லை. தோட்டத்துக்குள் நடக்கிறான்.

“நடக்க மாட்டான்” என்றேன்.

“ஏன்?”

“ரோட்டுல ஏறுனதுமே யாரு வூட்டுக்குன்னு ஒருத்தர் கேப்பாரு. ஆத்தோரம் வந்ததும் இன்னொருத்தர் கேப்பாரு. கங்காணி சொந்தம் விசாரிப்பாரு. வாச்சர் தொரைக்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போயிருவாரு. உங்க ஆளு கொலை பண்றதுக்குள்ள அவனுக்கு ஒரு பொண்ணையும் பாத்துருவாங்க.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது.

அடுத்தது, தேயிலைக்குள் ஒரு பெண் பிணமாகக் கிடக்கிறாள். அதையும் நான்தான் கெடுத்தேன். கொழுந்து பறிக்க மலைக்குப் போன பெண் பகல் நிறுவைக்கு வரவில்லையென்றால் கொழுந்து நிறுக்கிறவர் கேட்பார், பக்கத்து நிரைக்காரி கேட்பாள், பிள்ளைகளை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவில் பால் கொடுக்க வரவில்லையென்று ஆயா கத்துவாள். பிணம் ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரி, துரையைக் கொல்லலாம் என்றார் அண்ணன். கொல்லலாம்தான். ஆனால் துரை தும்மினாலே குசினியில் சமையல்காரருக்குக் கேட்கும்.

அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பார். கணவர் இறந்து, அண்ணனோடு வந்து இருப்பவர். படிப்பு அதிகம் இல்லை. ஆனால் கதைக்கு ஓர் ஆளைக் கொண்டுவந்தால் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: “அந்தாளுக்கு என்னா பயம்?” கொல்கிறவனுக்கு மட்டும் குணம் வைத்தால் போதாது, சாகிறவனுக்கும் ஒரு குணம் வேண்டும் என்பார். இல்லாவிட்டால் செத்தால் செத்துவிட்டுப் போகட்டும் என்று சனம் கடலை வாங்கப் போய்விடுமாம்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த மழை நாளில் அண்ணன் யாரும் தேடாத ஆளைக் கேட்டார். அக்காவும் என்னைக் காட்டினார்.

மேட்டில் ஒரு வீடு

அக்கா சொன்னது உண்மையா? ரயிலில் திரும்பும்போது அதையே போட்டு உருட்டிக்கொண்டு வந்தேன்.

என் குவாட்டர்ஸ் பள்ளிக்கூடத்துக்கு மேலே, ஒரு மேட்டில் தனியாக நின்றது. அதற்கு மேலே ஆபீஸ் கிளாக்கர், தொழிற்சாலை டீமேக்கர், மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஆகியோரின் வீடுகள். கீழே லயங்கள். மேலே இருக்கிறவர்கள் நல்லவர்கள். வழியில் கண்டால் தலையாட்டுவார்கள். ஆனால் நான் மஸ்கெலியாப் பக்கத்து லயத்தில் பிறந்தவன் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு விசேஷத்துக்கு வா என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை. கீழே இருக்கிறவர்களுக்கு நான் ஐயா. மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்கு நான் குளிக்கப் போனால், பேசிக்கொண்டிருந்த ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டு வாளியை ஒதுக்கி வழி விடுவார்கள். குளித்துவிட்டு நான் மேட்டில் ஏறிய பிறகு பேச்சு மறுபடி தொடங்கும். அது என் காதில் விழும்.

பொழுது சாயும்போது லயத்துக் கூரைகளிலிருந்து புகை கிளம்பும். ரொட்டி சுடுகிற வாசனை மேட்டுக்கு வரும். யாரோ யாரையோ திட்டுவார்கள், ஒரு குழந்தை அழும், ஒரு கிழவர் இருமுவார். நான் என் ஒற்றை விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு அதையெல்லாம் கேட்டபடி உட்கார்ந்திருப்பேன். எனக்கு ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான். அதை அலங்காரம் பண்ணிச் சொல்ல ஒன்றுமில்லை.

அண்ணன் வைத்த பரீட்சை

அடுத்த ஞாயிறு அண்ணன் ஒரு யோசனையோடு காத்திருந்தார்.

“மாஸ்டர், நிசமா நடக்குமான்னு பாத்துருவமா?”

“எத?”

“நீங்க காணாமப் போறத.”

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. விளக்கு ஏற்றக் கூடாது. பீலிக்குப் போகக் கூடாது. பின்பக்கம் இருக்கும் கக்கூசுக்கு மட்டும் அனுமதி. அதுவும் பெரிய மனது பண்ணி. திங்கட்கிழமை விடிகாலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் வரைக்கும் அப்படி இருக்க வேண்டும். யாராவது கதவைத் தட்டினாலோ பேர் சொல்லிக் கூப்பிட்டாலோ திறக்கலாம். திறந்தால் எங்கள் முதல் காட்சி செத்தது. யாரும் தட்டாவிட்டால் காட்சி கெட்டி.

“வேணாம் அண்ணே. மாஸ்டர் பாவம்” என்றார் அக்கா.

“அக்கா, அதெல்லாம் ஒண்ணுமில்ல. செய்வோம்” என்றேன் நான். வீம்பு. தோட்டத்தில் என்னைத் தேட ஆள் உண்டு என்று அக்காவுக்குக் காட்டிவிட வேண்டும் என்ற வீம்பு. அண்ணனுக்கு யாரும் வரக் கூடாது. எனக்கு யாராவது வர வேண்டும். ஒரே கதவுக்கு இரண்டு பேரும் எதிரெதிராகப் பந்தயம் கட்டியிருந்தோம்.

பாண் ரொட்டி, டின் மீன், ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு குடம் தண்ணீர். வெள்ளிக்கிழமை கதவைச் சாத்தினேன்.

சனிக்கிழமை விடிகாலையில் தப்பு அடித்தது. பெண்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே மேட்டின் ஓரமாக மலைக்கு ஏறினார்கள். ஒவ்வொரு குரலும் யாருடையது என்று எனக்குத் தெரியும். ஒருவரும் நிற்கவில்லை. பகலில் பிள்ளைகள் பள்ளிக்கூட முற்றத்தில் விளையாடினார்கள். பந்து ஒருமுறை என் சுவரில் பட்டது. எழுந்து கதவருகே போனேன். பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

சாயங்காலம் டிஸ்பென்சர் தன் வீட்டுக்குப் போகும் வழியில் செருமிக்கொண்டே என் வாசலைத் தாண்டிப் போனார். இருட்டில் உட்கார்ந்து பாணைக் கடித்தேன். சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. இருபத்துச் சொச்சம் வயதுக்காரன், ஒரு படத்தின் முதல் காட்சிக்காக நிஜமாகவே அழுதுகொண்டிருந்தேன்.

முற்றத்தில் ஒரு செருமல்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பனி இறங்கிவிட்டது. ஜன்னல் இடுக்கு வழியாக முற்றத்து விளிம்புகூடத் தெரியவில்லை. அப்போது யாரோ செருமினார்கள்.

எங்கள் பக்கத்தில் அந்தச் செருமலுக்கு அர்த்தம் உண்டு. லயத்துக்காரர் ஒருவர் ஸ்டாஃப் வீட்டுக்கு வந்தால் படி ஏற மாட்டார். கதவைத் தட்ட மாட்டார். ஐயா என்று கூப்பிடவும் மாட்டார். முற்றத்தில் நின்று, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை செருமுவார். உள்ளே இருப்பவருக்குக் கேட்டு, வெளியே வர மனமிருந்தால் வரலாம். வராவிட்டால் அவர் நின்றுவிட்டுப் போய்விடுவார்.

மறுபடி செருமல். பிறகு ஒரு பெண்குரல்.

“வெள்ளிக்கெழமயில இருந்து பொகையே வரலயே.”

செல்லாயி. மூன்றாம் வகுப்பில் படிக்கும் பையனின் அம்மா. அப்படியானால் செருமியது அவள் புருஷன் முத்தையா.

“பீலிக்கும் வரல” என்றார் முத்தையா மெதுவாக.

“ஹட்டனுக்குப் போயிருப்பாரோ?”

“போனா நம்ம லயத்தத் தாண்டித்தான போவணும்? போகல. உள்ளதான் இருக்காரு.”

“காச்சலா இருக்குமோ?”

கதவில் காதை ஒட்டிவைத்துக்கொண்டேன். தட்டுங்கள், ஒரே ஒரு தடவை தட்டுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

“தட்டிப் பாருங்களேன்” என்றாள் செல்லாயி.

“நீ சும்மா இரு. மாஸ்டர் வூட்டுக் கதவ நாம போயி தட்டுறதா?”

“அப்ப டிஸ்பென்சர் ஐயாகிட்டயாவது சொல்லுவோம்.”

“சொன்னா, நீ என்னாத்துக்கு அங்க போயி எட்டிப் பாத்தன்னு என்னத்தான் கேப்பாரு.”

இன்னொரு செருமல். இந்த முறை கொஞ்சம் பலமாக. நின்றார்கள். நெடுநேரம் நின்றார்கள். அந்தக் குளிரில் இரண்டு பேரும் நின்றது எனக்குக் கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து தெரிந்தது. பிறகு காலடிச் சத்தம் மெல்ல விலகத் தொடங்கியது.

கேமரா ஓடியது

அடுத்த ஞாயிறு ஸ்டூடியோவில் இதைச் சொன்னேன். அண்ணன் எழுந்துவிட்டார்.

“மாஸ்டர், யாரும் தேடாத ஆளா? தப்பு, தப்பு. தோட்டம் பூரா தேடுது. எல்லாருக்கும் தெரியுது. ஒருத்தரும் கதவத் தட்ட முடியல. இதுதான் மொதக் காட்சி. உள்ள ஒருத்தன் கெடக்கான். வெளிய ரெண்டு பேரு பனியில நிக்கிறாங்க. செருமுறாங்க. படி இருக்கு, ஏற முடியல. இதவிட என்னா திகில் வேணும்?”

அலுமாரியைத் திறந்து கேமராவை எடுத்தார். சாவி கொடுத்தார். ஸ்டூடியோவின் கதவைக் குறிபார்த்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். கிர்ரென்று ஓடி முடியும் வரைக்கும் நாங்கள் அசையவில்லை.

அந்தப் படம் எடுக்கப்படவில்லை என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். பிலிம் வரவில்லை. பிறகு இலங்கை, இந்தியா என்று இரண்டு நாட்டுக்காரரும் உட்கார்ந்து எங்களைப் பங்கு பிரித்தார்கள். அண்ணனும் அக்காவும் அந்தப் பங்கில் அக்கரைக்குப் போனார்கள். தலைமன்னாருக்குப் போகும் ரயிலில் அவர்களை ஏற்றிவிட்ட கதை வேறு. அதைச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

ஆனால் அந்த ஞாயிறு, அண்ணன் கேமராவைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது ஆரோக்கியம் அக்கா என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்.

“அவங்க போனப்பறம் நீங்க என்னா செஞ்சீங்க மாஸ்டர்?”

“கதவத் தெறந்தேன்.”

“அப்புறம்?”

“ஒண்ணுமில்ல. பேசிட்டுப் போனாங்க.”

அக்காவிடம் அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை இப்போதுதான் எழுதுகிறேன்.

படி

திறந்தேன். பந்தயம், படம் எல்லாவற்றையும் மறந்து, “முத்தையா” என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பேசி இரண்டு நாளாகியிருந்தது.

பனிக்குள்ளிருந்து இருவரும் ஓடி வந்தார்கள். முற்றத்தின் ஓரத்தில் நின்றார்கள். முத்தையாவின் துண்டு கக்கத்தில் இருந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

“ஐயாவுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே?”

“ஒண்ணுமில்ல. உள்ள வாங்க. ரெண்டு பேரும் வாங்க. தேத்தண்ணி போடுறேன்.”

“இருக்கட்டுங்கய்யா.”

“வாங்க முத்தையா. குளிருது.”

“பரவால்லங்கய்யா. ஐயாவப் பாத்துட்டோம், அது போதும்.”

நான் வெறும் காலோடு படி இறங்கி முற்றத்துக்கு வந்தேன். நான் ஓர் அடி வைக்க, அவர்கள் ஓர் அடி பின்னால் போனார்கள். இன்னொரு அடி வைத்தேன். இன்னும் பின்னால் போனார்கள். அதற்கு மேல் நடந்தால் அவர்கள் தேயிலைக்குள் இறங்க வேண்டியிருக்கும். நின்றுவிட்டேன்.

“எங்கப்பாவும் லயத்து ஆளுதான் முத்தையா. மஸ்கெலியாவுல. இன்னமும் மலைக்குத்தான் போறாரு” என்றேன். அதைக் கேட்டால் வந்துவிடுவார் என்று நினைத்தேன்.

“தெரியுங்கய்யா. அதனாலதான் வந்து பாத்தோம். வேற மாஸ்டரா இருந்தா வந்திருக்கவே மாட்டோம்.”

“அப்ப உள்ள வர்றதுக்கு என்னா?”

முத்தையா மனைவியைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். அவர் என் வீட்டை, அதன் படியை, திறந்து கிடந்த கதவை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆசை இருந்தது, பெருமை இருந்தது.

“எங்க பயலும் படிச்சு, ஒரு நாளைக்கி இப்படி ஒரு வூட்டுல இருக்கணுங்கய்யா” என்றார். “அப்பயும் நாங்க வந்து இங்கதான் நிப்போம்.”

சொல்லிவிட்டுக் கும்பிட்டார். இருவரும் போனார்கள். எனக்கு மஸ்கெலியாவுக்குப் போய் அப்பாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அன்றைக்கு இனி பஸ் இல்லை.